ஒரு மீற்றர் கம்பும் பதினைந்து சென்ரிமீற்றர் நிழலும்

வணக்கம் நேயர்களே. தவணை முடியப்போகிறது, செயற்றிட்டம் கொடுக்கவேண்டும் என்றதும் வீட்டில் முதலில் தேடப்படுவது பசைப்போத்தல். ஓர் அறிஞரின் படம், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. அட்டை நிறைந்துவிடும். "சரி பிள்ளை, இதில் நீ எதைப் பார்த்தாய்?" என்று கேட்டால்தான் பதில் வராது.

எரதோஸ்தனீசை எடுப்போம். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், எகிப்தின் அலெக்சாந்திரியாவில் விழுந்த நண்பகல் நிழலின் கோணத்தைக்கொண்டு பூமியின் சுற்றளவைக் கணித்தவர். அவர் படத்தை ஒட்டுவதைவிட, அவர் செய்ததை இங்கே திருகோணமலையில், உப்புவெளியில் ஒரு முற்றத்தில் செய்து பார்க்கலாம்.

அதற்கு ஏற்ற நாள் மார்ச் 20, 21 அல்லது செப்டெம்பர் 22, 23. அந்நாட்களில் சூரியன் மத்தியகோட்டுக்கு நேர் மேலே நிற்கும். இரண்டடி அகலப் பலகையின் நடுவில் 1 மீற்றர் கம்பை அடியிலிருந்து திருகாணியால் இறுக்குங்கள். மேசனிடம் இரசமட்டம் வாங்கிப் பலகையை மட்டமாக்குங்கள். கல் கட்டிய நூலைப் பிடித்து, கம்பு செங்குத்தா என்று இரண்டு பக்கமும் நின்று பாருங்கள். வாளி மணலில் கம்பை நடவேண்டாம். நிழலே 15 சென்ரிமீற்றர்தான், வாளி விளிம்புக்குள் விழுந்துவிடும்.

நண்பகல் என்றால் சரியாகப் பன்னிரண்டு மணி என்று இருந்துவிடாதீர்கள். திருகோணமலையில் மார்ச்சில் அது 12.12 அளவில் வரும், செப்டெம்பரில் 11.58 அளவில். 11.45 முதல் 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியில் புள்ளி வையுங்கள். மிகக் குறுகிய நிழல்தான் உங்கள் நண்பகல். அதை ஐந்து நிமிடம் தவறவிட்டாலும் நீளம் 2 மில்லிமீற்றர்கூட மாறாது. கம்பு ஒரு பாகை சரிந்திருந்தாலோ ஒன்றே முக்கால் சென்ரிமீற்றர் போய்விடும். ஆகவே மணிக்கூட்டைவிட நூலில்தான் கண் இருக்கவேண்டும். நிழல் நுனி கூராக இராது, ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு மங்கித் தெரியும். சூரியன் புள்ளியல்ல, வட்டம் என்பதால் வரும் மங்கல் அது. அதன் நடுவைக் குறியுங்கள்.

100க்கு 15 என்று செங்கோண முக்கோணம் வரைந்து பாகைமானியை வைத்தால் எட்டரைப் பாகை. பூமியின் முழு வட்டத்தில் நமக்கும் மத்தியகோட்டுக்கும் இடையிலான பங்கு அது. 360ஐ அதால் வகுக்க 42 சொச்சம். இங்கிருந்து மத்தியகோடு வரை படத்தில் அளந்தால் ஏறக்குறைய 950 கிலோமீற்றர். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றருக்குக் கிட்ட வந்து நிற்கும். பலகையை வீசிவிடாதீர்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டொரு நாள் முன்னர் நண்பகல் நிழல் அடியோடு மறைந்து, பிறகு ஓகஸ்ட் கடைசி வரை தெற்கே விழும்.

அடுத்தது திருகோணமலைக்கு அருகேயுள்ள கன்னியா வெந்நீரூற்று. கிண்ணியா என்ற ஊர் அல்ல, இரண்டையும் மாற்றி எழுதிய அட்டைகள் நிறைய உண்டு. ஏழு கிணறுகளின் வெப்பமும் ஒன்றல்ல என்பதுதான் அங்கே அளக்கவேண்டிய விடயம். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42 பாகையோடு நின்றுவிடும், ஆய்வுகூட வெப்பமானி வேண்டும். அதைத் தண்ணீருக்கு வெளியே எடுத்து வாசித்தால் காற்றுப் பட்டு அளவு இறங்கிவிடும், குமிழ் நீருக்குள் இருக்கும்போதே வாசியுங்கள். ஆட்கள் குளிக்க வருமுன் காலையில் போவது நல்லது. எரிமலை என்று எழுதவேண்டாம். பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கிய மழைநீர் நிலத்தடிச் சூட்டில் காய்ந்து மேலே வருகிறது. ஊற்றை இராவணன் உண்டாக்கினான் என்ற கதைக்குத் தனிப் பக்கம் கொடுங்கள், வெப்ப அட்டவணைக்குள் கலக்காதீர்கள்.

இலக்கியம் எடுப்பவர்களுக்கு நம்மூர்க்காரர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை இருக்கிறார். அவருடைய 'மோகனாங்கி' 1895இல் வந்த சரித்திர நாவல், நாயக்கர் காலக் கதை. சுருக்கம் எழுதுவதை விட்டு, பாத்திரங்களில் யார் வரலாற்றில் இருந்தவர், யார் கற்பனை என்று இரண்டு நிரலாகப் பிரித்துப் பாருங்கள்.

வரலாறு என்றால், மூதூர்ப் பக்கம், கொட்டியாரக் குடாவில் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலக் கப்பல்காரர் ரொபேர்ட் நொக்ஸ். சிறைக்கூடத்தில் கிடந்தார் என்று பலர் எழுதுகிறார்கள். அவர் கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் தொப்பி பின்னி விற்றுச் சீவித்தவர். 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கம் ஒல்லாந்தரிடம் இருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தார். இலங்கைப் படத்தில் மூதூரையும் அரிப்பையும் குறித்துவிட்டுத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. வணக்கம்.