"அவன் மேல ரொம்பப் பாசம் வைக்காதே": இதுவும் ஸ்பாய்லர்தான்

(திரையில் எச்சரிக்கை: 'டாலஸ்', 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' மூன்றாம் சீசன். இரண்டின் முக்கியத் திருப்பங்களும் இதில் வருகின்றன.)

ஸ்பாய்லரை, அதாவது இன்னும் பார்க்காதவரிடம் கதையின் ரகசியத்தைப் போட்டு உடைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே ஸ்பாய்லர் சொல்லாமல் இருக்க முடியாது. அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இரண்டு தொடர்களின் ரகசியத்தை உடைக்கப் போகிறேன். ஒன்று டாலஸ், அதன் ரகசியம் உடைந்தது 1980இல். இன்னொன்று கேம் ஆஃப் த்ரோன்ஸ். அதைப் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்து முடித்துவிட்டு வாருங்கள். வீடியோ எங்கேயும் ஓடிப் போகாது.

(திரையில்: 2013, ஜூன் 2)

மூன்றாம் சீசனின் ஒன்பதாவது எபிசோட். கதையின் முக்கியக் குடும்பமான ஸ்டார்க்குகளின் மூத்த மகன் ராப். அவனுடைய தாய்மாமனுக்கு ஃப்ரே குடும்பத்தின் கோட்டையில் கல்யாணம். விருந்து முடிகிறது, மணமக்களை ஆரவாரமாக அனுப்பி வைக்கிறார்கள். அப்புறம் ஒருவன் போய் மண்டபக் கதவைச் சாத்துகிறான். மேல்மாடத்தில் வாத்தியக்காரர்கள் எதிரியான லானிஸ்டர் குடும்பத்தின் பாட்டை எடுக்கிறார்கள். ராப்பின் அம்மா கேட்லினின் முகம் மாறுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், ராப்பின் கூட்டாளியான ரூஸ் போல்ட்டனின் சட்டைக் கையை விலக்கிப் பார்க்கிறாள். உள்ளே இரும்புக் கவசம். கல்யாண வீட்டுக்குக் கவசம் போட்டுக்கொண்டு ஒருவன் ஏன் வர வேண்டும்? அடுத்த சில நிமிடங்களில் ராப், கர்ப்பமாக இருக்கும் அவன் மனைவி, அம்மா என்று மூன்று பேரும் போய்விடுகிறார்கள்.

மனைவியின் சாவைத் தவிர, இந்தப் படுகொலை 2000இல் வந்த மூல நாவலிலேயே இருக்கிறது. படித்தவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் இருந்தவர்களிடம் மூச்சு விடவில்லை. அதைவிட ஒரு படி மேலே போய், பார்க்கிறவர்களின் முகத்துக்கு நேராக கேமராவை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டவர்கள், டிவியைப் பார்த்துக் கத்தியவர்கள் என்று அந்த வீடியோக்கள் உலகம் முழுக்கச் சுற்றின. ரசிகன் இன்னொரு ரசிகனுக்குச் செய்த மரியாதை என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான். கொஞ்சம் குரூரமான மரியாதை, சரி.

இங்கே சிலர் 2011இல் வந்த ஓர் ஆய்வைக் கையில் எடுப்பார்கள். சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் செய்தது. 12 சிறுகதைகளைப் படிக்கக் கொடுத்ததில், முடிவு தெரிந்து படித்தவர்கள் சராசரியாகக் கூடுதலாகவே ரசித்திருந்தார்கள். "பார்த்தியா, தெரிஞ்சா என்ன குறைஞ்சு போச்சு?" என்பார்கள். ஆனால் அவை ஒரே மூச்சில் படித்து முடிக்கிற கதைகள். மூன்று சீசன் ஒரு குடும்பத்தோடு பழகிவிட்டு அதன் சாவைப் பார்ப்பதோடு அதை எப்படி ஒப்பிடுவது?

முடிவு தெரிந்து பார்ப்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தக் கதவு, அந்தப் பாட்டு, அந்தச் சட்டைக் கை எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். ஆனால் அது இரண்டாவது தடவையின் சுகம். அதை எத்தனை முறை வேண்டுமானாலும் அனுபவிக்கலாம். முதல் தடவை ஒன்றுதான். ஸ்பாய்லர் சொல்கிறவர் நம்மைக் கேட்காமலேயே அதைக் கழித்துவிடுகிறார். எனக்குக் கோபம் அங்கேதான்.

(திரையில்: 1980)

அமெரிக்காவில் டாலஸ் தொடர். மார்ச் 21 அன்று தொடரின் முக்கியப் பாத்திரமான ஜே.ஆர். யூயிங்கை யாரோ சுடுகிறார்கள், சீசன் முடிந்துவிடுகிறது. பதில் வந்தது நவம்பர் 21 அன்று. விடை கசியாமல் இருக்க, நடிகர்கள் பலரையும் ஜே.ஆரைச் சுடுவதுபோலப் படம் பிடித்து வைத்தார்கள். சுட்டவள் அவருடைய மைத்துனி கிரிஸ்டின். அன்று அமெரிக்காவில் மட்டும் 8 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். எல்லாரும் ஒரே ராத்திரியில் பார்த்துவிட்டதால், மறுநாள் யாரிடம் வேண்டுமானாலும் தாராளமாகப் பேச முடிந்தது.

2013 பிப்ரவரியில் நெட்ஃப்ளிக்ஸ் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் 13 எபிசோடையும் ஒரே நாளில் இறக்கியபோது அந்த வசதி போயிற்று. ஒருவர் இரண்டாவதில் இருப்பார், இன்னொருவர் விடிய விடிய உட்கார்ந்து முடித்திருப்பார். வாரம் ஒன்றாக வரும் தொடருக்கு ஒரு வாரம் பொறுத்தால் போதும் என்பது என் கணக்கு. 2019இல் கேம் ஆஃப் த்ரோன்ஸின் கடைசி சீசன் நம் ஊரில் திங்கள் காலை 6.30க்கு ஹாட்ஸ்டாரில் வந்தது. ஆபீஸ் போகிறவர்கள் எல்லாரும் அதற்குள் பார்த்திருக்க முடியாது. மொத்தமாக இறங்கும் தொடருக்கு எந்தக் கெடுவும் செல்லாது. எதிரில் இருப்பவரைக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும்.

எல்லாத் தொடருக்கும் இந்தப் பத்தியம் வேண்டாம். 'கொலம்போ' என்ற பழைய அமெரிக்கத் துப்பறியும் தொடரில் கொலைகாரன் யாரென்று தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். கசங்கிய மழைக்கோட்டுடன் துப்பறிகிறவராக வரும் நடிகர் பீட்டர் ஃபாக் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்று கேட்பதற்காகத்தான் பார்க்கிறோம். நம் பிக் பாஸிலும் வார இறுதி வெளியேற்றம் ஒளிபரப்பாவதற்குள் பெயர் கசிந்துவிடுகிறது, ஆனாலும் கூட்டம் குறைவதில்லை. யார் என்பது தெரிந்துவிட்டாலும் அந்த முகம் வாடுவதைப் பார்க்க வேண்டுமே.

எனக்கு ஆகவே ஆகாதவர்கள் அரைகுறை ஸ்பாய்லர்காரர்கள். "நான் எதுவும் சொல்லலப்பா, ஆனா அவன் மேல ரொம்பப் பாசம் வைக்காதே." அப்புறம் என்ன மிச்சம்? அந்த ஆள் ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் நமக்குப் பக் என்கிறது. "ஏழாவது எபிசோட்ல பெரிய ட்விஸ்ட் இருக்கு" என்பதும் அதே ரகம். ஆறு எபிசோடையும் சந்தேகக் கண்ணோடு பார்க்க வைத்துவிடுகிறார்கள். தம்ப்நெயிலில் செத்தவர் படத்தைப் போட்டுச் சிவப்பு வட்டம் வரைகிறவர்களைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

(திரையில்: ஒரு குடும்ப மரம், பெயர்கள் மறைக்கப்பட்டு)

இதைச் சரியாகச் செய்தது 'டார்க்' என்ற ஜெர்மன் தொடர். மூன்று சீசன், 26 எபிசோட். யார் யாருக்கு அப்பா என்பதே அதில் ரகசியம், ஆனால் குறிப்பு இல்லாமல் தலை சுற்றிவிடும். அதற்காகவே நெட்ஃப்ளிக்ஸ் ஒரு வழிகாட்டிப் பக்கம் வைத்தது. உள்ளே போனால் எந்த எபிசோட் வரை பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்கும். அதுவரைக்குமான உறவுகளைத்தான் காட்டும்.

அடுத்த வீடியோ அந்தத் தொடரைப் பற்றித்தான். 26ஐயும் முடித்தவர்கள் மட்டும் வரவும்.