கூட்டத்தை எதை வைத்து அளப்பது?

வணக்கம் நேயர்களே. இணையதளங்களில் கூட்டம் ஏறும்போது அவற்றை இயக்கும் கணினிகளான சர்வர்களைத் தானாகக் கூட்டுவதும், கூட்டம் வடிந்ததும் குறைப்பதும்தான் என் வேலை. இதைப் பற்றிப் பேச வானொலியில் அழைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு மதிய நேரமும் 18 சதவீதம் என்ற ஓர் எண்ணும்தான்.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அமேசான் நிறுவனம் 2006-ல் சர்வர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. 2009 மே மாதம், சர்வர்களைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஸ்கேலிங் வசதி வந்தது. இதை ஏபிஐ வழியாக இயக்குகிறோம். அதாவது, திரையில் பட்டனை அழுத்துவதற்குப் பதிலாக நாம் எழுதிய நிரலே கட்டளை அனுப்பும். 'கிரியேட் ஆட்டோ ஸ்கேலிங் குரூப்' என்று ஒரு கட்டளை. அதற்கு மூன்று எண்கள் கொடுப்போம்: குறைந்தது எத்தனை சர்வர், அதிகபட்சம் எத்தனை, இப்போதைக்கு எத்தனை. அப்புறம் 'புட் ஸ்கேலிங் பாலிசி' என்று இன்னொன்று. எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்ற விதி அது. சர்வர்களின் மூளையான சிபியு சராசரியாக 50 சதவீத வேலையில் இருக்கட்டும் என்று அதில் சொல்லிவிட்டால், அதற்கு மேல் போனால் சர்வர் சேர்க்கும், வெகுவாகக் கீழே போனால் குறைக்கும். சேர்ப்பதற்குச் சில நிமிடங்கள் பார்க்கும். குறைப்பதற்குக் கால் மணி நேரம் வரை பொறுத்திருக்கும். நல்ல ஏற்பாடு. நாங்களும் அப்படித்தான் வைத்திருந்தோம்.

அது ஒரு கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பம் வாங்கும் தளம். கடைசி நாள், மாலை 5 மணியோடு முடிகிறது. மதியம் மூன்றரைக்குத் தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கின. நான் எடுத்த அழைப்பில் ஒரு தகப்பனார், ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து பேசினார். "தம்பி, பொண்ணோட மார்க் ஷீட்டை ஏத்தினா ஒரு மணி நேரமா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. வெளிய இன்னும் பத்துப் பேர் நிக்கிறாங்க" என்றார். திரையைப் பார்த்தேன். சிபியு 18 சதவீதம். எல்லாம் பச்சை. எட்டு சர்வர்கள் ஓடியிருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தன. கூட்டம் உச்சத்தில் இருந்தபோது எங்கள் ஏற்பாடு சர்வர்களைக் குறைத்துக்கொண்டிருந்தது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போட்டு ஜனங்கள் உட்கார்ந்தாயிற்று. உள்ளே சாதம் வடிக்கவில்லை. பரிமாறுபவர்கள் வெறும் வாளியோடு அடுப்படி வாசலில் நிற்கிறார்கள். அதைப் பார்த்த மேற்பார்வையாளர், ஆட்கள் சும்மா நிற்கிறார்களே என்று நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். எங்கள் தளத்தில் நடந்தது அதுதான். அடுப்படி என்பது, விண்ணப்பத் தகவல்களையெல்லாம் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ். அதில் ஒரு தேடலுக்கு இண்டெக்ஸ், அதாவது புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரியான ஒன்று, போடாமல் விட்டிருந்தோம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அது முழு அட்டவணையையும் புரட்டியது. சர்வர்கள் பதிலுக்குக் காத்து நின்றன. காத்து நிற்பதற்குச் சிபியு தேவையில்லை.

அந்தப் பதற்றத்தில் செய்ததையும் சொல்ல வேண்டும். பைத்தான் என்ற நிரல் மொழியில் ஒரே வரி, 'செட் டிசையர்டு கெபாசிட்டி' 12, அதாவது இப்போதைக்கு 12 சர்வர் வேண்டும் என்று அனுப்பினேன். சில நிமிடங்களில் சர்வர்கள் வந்துவிட்டன. நிலைமை இன்னும் மோசமானது. நாங்கள் வைத்திருந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், நாமாக மாற்றாதவரை 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். அதிலும் 3 நிர்வாகிக்கு ஒதுக்கியவை. ஒரு சர்வருக்கு 10 இணைப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்தாவது சர்வர் வரும்போதே இடம் தீர்ந்துவிடும். அதுவரை தாமதமாகவாவது போய்க்கொண்டிருந்த விண்ணப்பங்களில் சில அப்போது பிழை காட்டி நின்றன. எட்டுக்கு இறக்கி, இண்டெக்ஸைச் சேர்த்த பிறகுதான் வட்டம் சுற்றுவது நின்றது. கல்லூரி நிர்வாகம் நள்ளிரவு வரை நேரம் நீட்டித்தது. அவர்களுக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், கட்டளைகளை இரண்டே நாளில் கற்றுக்கொள்கிறார்கள். எந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்வது என்பதில்தான் மனம் வைக்க வேண்டும். இயந்திரத்துக்குக் கூட்டம் தெரியாது. நாம் காட்டும் எண் மட்டும்தான் தெரியும். ஆகவே காத்திருக்கும் மனிதருக்கு மிக அருகில் உள்ள எண்ணைக் காட்டுங்கள். நாங்கள் அதன் பிறகு விண்ணப்பங்களை ஒரு வரிசையில் போட்டு, ஒரு சர்வருக்கு எத்தனை விண்ணப்பம் தேங்கி நிற்கிறது என்பதை அளவாக வைத்தோம். அதை ஒரு சிறு நிரல் நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கிட்டு, அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச்சுக்கு அனுப்பும். அதிகபட்ச எண்ணிக்கையை டேட்டாபேஸ் எத்தனை தாங்கும் என்று பார்த்து 8 என்று வைத்தோம். பலர் அந்த இடத்தில் 100 என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பணமும் போகும், அடுப்படியும் நெரிபடும்.

இன்னொன்று, நாள் தெரிந்த கூட்டத்துக்கு இயந்திரம் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரயில் தத்கால் முன்பதிவு ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி என்று ஊருக்கே தெரியும். அந்த மாதிரிக் கூட்டம் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். புதுச் சர்வர் எழுந்து தயாராக அதைவிட நேரமாகும். இதற்கென்றே நேரம் குறித்துக் கூட்டும் கட்டளை இருக்கிறது. அதில் நேர மண்டலத்தைக் குறிப்பிடாவிட்டால் உலகப் பொது நேரத்தை எடுத்துக்கொள்ளும். பகல் 12 மணி என்று நாம் எழுதினால், இங்கே மாலை 5.30-க்குத்தான் வேலை செய்யும். நல்லவேளை, ஒத்திகையிலேயே இதைப் பார்த்துவிட்டோம்.

மறு ஆண்டு கடைசி நாளில், பகல் 12 மணிக்கு எட்டு சர்வர்களும் தயாராக நின்றன. பாலிசியில் குறைக்கும் பகுதியை அன்றைக்கு மட்டும் நிறுத்திவைத்தோம். 4.50-க்கு வரிசை நீண்டது, பிறகு வடிந்தது. 5 மணி அடித்த பிறகும், அதற்குள் உள்ளே வந்துவிட்ட கடைசி விண்ணப்பம் முடியும்வரை ஒரு சர்வரையும் நாங்கள் அணைக்கவில்லை.

நன்றி, வணக்கம்.