காரணம் புரியாத வலி

நேயர்களுக்கு வணக்கம்.

"மேலுக்கு என்னமோ செய்யுது, என்னன்னே சொல்லத் தெரியல." நம்ம பக்கத்து ஆஸ்பத்திரிகளில் அன்றாடம் கேட்கிற பேச்சு இது. வலியைப் பொறுத்துக்கொள்கிறவர்கள்கூட, அது என்னவென்று தெரியாமல் தூக்கம் இழக்கிறார்கள்.

காத்திருக்கக் கூடாத வலிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நெஞ்சை அழுத்தி, கை, தாடை, முதுகு என்று பரவி, வேர்த்துக் கொட்டினால் நடக்கவிடாமல் உட்காரவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். வாயு என்று சோடாவைக் குடித்துவிட்டு, விடியட்டும் என்று படுப்பதில்தான் உயிர் போகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சிரைப்பும் அசதியும் மட்டும் வரலாம். முதல் இசிஜி சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று ஆகாது. சில மணி நேரம் இருக்கச் சொன்னால் இருங்கள். மறுபடி இசிஜியும், இதயத் தசை பாதித்திருக்கிறதா என்று காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்க்கத்தான்.

தொப்புளில் தொடங்கி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கும் வலி குடல்வாலாக இருக்கலாம். முதுகுவலியோடு கால் மரத்து, மூத்திரம் அடைத்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

மற்ற வலிகளுக்கு ஒரு நோட்டு போடுங்கள். எந்த இடம், எப்போது, எவ்வளவு நேரம், எதனால் கூடுது, எதனால் குறையுது. முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண், "சுளகை மடியில் வச்சுக் குனிஞ்சிருந்தா மத்தியானத்துக்கு மேல தோள் கடுக்கு, கடைக்கு நடந்தா குறையுது" என்று எழுதிக் கொண்டுபோனால், டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

"டெஸ்ட் எல்லாம் நார்மல்" என்றால் வலி பொய் என்று யாரும் சொல்ல வேண்டாம், வீட்டில் இருப்பவர்கள் முக்கியமாக. பயத்தில் தசை இறுகும், தூக்கம் கெடும், மனசு அந்த இடத்தையே கவனிக்கும். உள்ள வலி இன்னும் கூடும். அதனால் டாக்டரிடம் கேளுங்கள்: எந்தெந்த நோய் இல்லை என்று உறுதியாயிற்று? எத்தனை நாளில் குறையணும்? என்ன கண்டால் உடனே வரணும்?

மெடிக்கலில் கலந்து கட்டித் தரும் மாத்திரை வேண்டாம். பெயர் வேறானாலும் உள்ளே ஒரே மருந்து இரண்டு தடவை இருக்கலாம். வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசியை அடிக்கடி போட்டால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் சரி, பழைய சீட்டு, எக்ஸ்ரே, சாப்பிடுகிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் பாதி காதில் விழாது. கூட ஒருவரைக் கூட்டிப் போங்கள்.