சந்தைக்கடையிலிருந்து ஐ.நா. வரை: டாஸ்மேனியாவின் பால்புதுமையினர்

(திரையில்: ஹோபார்ட் துறைமுகம். மணற்கல் கிடங்குகளின் வரிசை. முன்னால் சனிக்கிழமைச் சந்தை.)

ஆஸ்திரேலியாவின் தெற்கே தனியாகக் கிடக்கும் தீவு டாஸ்மேனியா. தலைநகர் ஹோபார்ட்டில், பழைய துறைமுகக் கிடங்குகளுக்கு முன்னால் சனிக்கிழமைதோறும் சலமாங்கா சந்தை கூடும். 1988இல் தன்பாலீர்ப்பாளர்களுக்கான ஒரு சட்டச் சீர்திருத்தக் குழு அங்கே கடை போட்டது. கடையில் ஒரு மனு இருந்தது: "ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றம் என்று சொல்லும் சட்டத்தை நீக்குங்கள்." வருகிறவர்கள் படித்துப் பார்த்து, விருப்பம் இருந்தால் கையெழுத்துப் போடலாம். அவ்வளவுதான்.

ஹோபார்ட் மாநகராட்சி அந்தக் கடைக்குத் தடை போட்டது. தடையை மீறி அடுத்த சனிக்கிழமையும் கடை போட்டார்கள். போலீஸ் வந்து, அத்துமீறி நுழைந்ததாகச் சொல்லிக் கைது செய்தது. அதற்கடுத்த சனிக்கிழமை இன்னும் அதிகம் பேர் வந்தார்கள். இன்னும் அதிகம் பேர் கைதானார்கள். இப்படியே ஏழு வாரம். மொத்தம் 130 பேர். கைதானவர்கள் எல்லோரும் தன்பாலீர்ப்பாளர்களும் இல்லை. "இது என்ன அநியாயம், மனு கொடுப்பது ஒரு குற்றமா?" என்று துணைக்கு வந்து நின்றவர்களும் அதில் உண்டு. டிசம்பரில் மாநகராட்சி இறங்கி வந்தது. கடை நிலைத்தது.

சரி, சிட்னி மாதிரி பெருநகரத்தில் இதற்குப் பல ஆண்டுகள் முன்பே பால்புதுமையினரின் (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோரின்) பிரைடு ஊர்வலம் நடந்துகொண்டிருந்தது. இந்தத் தீவில் மட்டும் ஏன் இவ்வளவு இறுக்கம்?

(திரையில்: வரைபடம். பாஸ் நீரிணை. ஹோபார்ட், லான்செஸ்டன், பர்னி, உல்வர்ஸ்டன் புள்ளிகளாக.)

வரைபடத்தைப் பாருங்கள். டாஸ்மேனியாவுக்கும் ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் நடுவே சுமார் 240 கிலோமீட்டர் கடல். தீவின் பரப்பளவு தமிழ்நாட்டில் ஏறத்தாழ பாதி. 1988இல் மக்கள்தொகையோ நாலரை லட்சம் சொச்சம், அதாவது அன்றைய மதுரை நகரத்தில் பாதி. தெற்கே தலைநகர் ஹோபார்ட். வடக்கே லான்செஸ்டன். வடமேற்குக் கரையோரமாக டெவன்போர்ட், உல்வர்ஸ்டன், பர்னி என்று சிற்றூர்கள். அவற்றைச் சுற்றிப் பால்பண்ணைகளும் உருளைக்கிழங்கு வயல்களும்.

இப்படி ஒரு இடத்தில் யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. உங்களைக் கைது செய்கிற போலீஸ்காரர் உங்கள் அண்ணனோடு ஒரே வகுப்பில் படித்தவராக இருப்பார். உங்கள் வீட்டு விஷயம் நீங்கள் வீடு திரும்புவதற்குள் தெருவுக்கே தெரிந்திருக்கும். அதனால் கே, லெஸ்பியன் இளைஞர்கள் பலர் வயது வந்ததும் மெல்பர்னுக்கோ சிட்னிக்கோ கிளம்பிவிடுவார்கள். கூட்டத்தில் கரைந்துவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? இந்தக் கதை, கிளம்பாமல் இருந்தவர்களின் கதை.

முதலில் சட்டம். டாஸ்மேனியாவின் 1924ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம், பிரிவுகள் 122, 123. "இயற்கையின் ஒழுங்குக்கு மாறான" உறவுக்கு உச்சபட்ச தண்டனை 21 ஆண்டு சிறை. நம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைப் படித்தவர்களுக்கு அந்தச் சொற்றொடர் புதிதாக இருக்காது. இரண்டும் ஒரே காலனியச் சரக்கு. தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் இப்படிப்பட்ட சட்டத்தை 1975இலேயே தூக்கிவிட்டது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தூக்கின. 1990க்குப் பிறகு மிச்சம் இருந்தது டாஸ்மேனியா மட்டும்தான்.

இன்னொன்றும் இருந்தது. சூரியன் மறைந்து மறுபடி உதிக்கும் வரை, ஆண் ஒருவர் பொது இடத்தில் பெண் உடையில் இருந்தால் குற்றம். பகலில் பரவாயில்லையாம், ராத்திரியில்தான் கூடாதாம்! கேட்கச் சிரிப்பாக இருக்கும். திருநங்கைகளுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது.

(திரையில்: உல்வர்ஸ்டன். கடலோரச் சிற்றூர்.)

1989இல் எதிர்ப்பு சூடு பிடித்தது, குறிப்பாக வடமேற்குக் கரையில். உல்வர்ஸ்டனில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு எதிராகப் பொதுக்கூட்டம் நடந்தது, நூற்றுக்கணக்கில் கூட்டம். இயக்கத்தின் முகமாக ஆன ரோட்னி க்ரூம் எங்கிருந்து வந்தவர் தெரியுமா? அதே வடமேற்குப் பகுதியில், பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். "இதெல்லாம் சிட்னிக்காரர்கள் கொண்டு வந்த வியாதி" என்று அவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. சொந்த ஊர்ப் பையன். எதிர்த்தரப்புக்கு அதுதான் பெரிய சங்கடம்.

அப்புறம் நாடாளுமன்றம். டாஸ்மேனிய நாடாளுமன்றத்துக்கு இரண்டு அவைகள். கீழவை ஒத்துக்கொண்டாலும் மேலவை மறுத்துவிடும். மேலவை உறுப்பினர்கள் பெரும்பாலும் கட்சி சாராத, பழமைவாதப் பெரியவர்கள். மொத்தமாக ஒரே நேரத்தில் தேர்தலைச் சந்திக்க வேண்டிய அவசியமும் இல்லாதவர்கள். 1991இல் வந்த சீர்திருத்த முயற்சி அங்கேதான் முட்டி நின்றது.

உள்ளூரில் கதவு அடைத்துவிட்டது. வெளியே ஒரு கதவு அப்போதுதான் திறந்தது.

(திரையில்: நாட்காட்டி. 25 டிசம்பர் 1991.)

சிவில் மற்றும் அரசியல் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் ஒரு துணை ஏற்பாடு உண்டு. ஒரு நாடு அதில் சேர்ந்துவிட்டால், அந்த நாட்டின் அதிகாரத்துக்குள் இருக்கும் யாராக இருந்தாலும், உள்நாட்டில் வேறு வழி இல்லாதபோது, அந்த அரசுக்கு எதிராக ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிடலாம். ஆஸ்திரேலியாவுக்கு அந்த ஏற்பாடு அமலுக்கு வந்த நாள் 1991 டிசம்பர் 25. நிக் டூனன் என்ற டாஸ்மேனியரின் முறையீட்டில் இருக்கும் தேதியும் அதே டிசம்பர் 25தான். கிறிஸ்துமஸ் விடுமுறை முடியட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை!

டூனனைப் போலீஸ் பிடிக்கவில்லை, வழக்கும் இல்லை. "என் தலைக்கு மேல் இந்தச் சட்டம் தொங்கிக்கொண்டிருப்பதே என் உரிமைக்குப் பங்கம்" என்பதுதான் அவர் வாதம். முறையிட்டதற்கு விலையும் கொடுத்தார். டாஸ்மேனிய எய்ட்ஸ் கவுன்சிலில் அவர் பொது மேலாளர். மாநில அரசின் நெருக்குதலுக்குப் பிறகு அந்த வேலை போனது.

இதில் ஒரு விநோதம். முறையீடு ஆஸ்திரேலியாவுக்கு எதிரானது. பதில் சொல்ல வேண்டியது கான்பெராவில் இருக்கும் மத்திய அரசு. மத்திய அரசோ, "ஆமாம், அவருடைய அந்தரங்கத்தில் இந்தச் சட்டம் தலையிடத்தான் செய்கிறது" என்று ஒத்துக்கொண்டது. சட்டத்துக்காக வாதாடியது டாஸ்மேனிய மாநிலம் மட்டும். எச்.ஐ.வி. பரவாமல் தடுக்க இந்தச் சட்டம் தேவை என்றது. 1994 மார்ச் 31 அன்று குழு தன் முடிவைச் சொன்னது: குற்றமாக்கினால் நோய்த்தடுப்பு வேலைதான் கெடும், இது அந்தரங்க உரிமையை மீறும் சட்டம், உடன்படிக்கையில் வரும் பாலினப் பாகுபாட்டுத் தடைக்குள் பாலீர்ப்பும் அடங்கும்.

பதினைந்து ஆண்டு கழித்து, 2009இல், டெல்லி உயர் நீதிமன்றம் நாஸ் அறக்கட்டளை வழக்கில் 377ஆம் பிரிவைப் பற்றித் தீர்ப்பு எழுதியபோது டூனன் வழக்கை எடுத்துக்காட்டியது. அந்தத் தீர்ப்பு 2013இல் உச்ச நீதிமன்றத்தில் கவிழ்ந்ததும், 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் 377இன் பல் பிடுங்கப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். இலங்கையைச் சேர்ந்த ரோசானா ஃப்ளேமர்-கால்டேராவும் இதேபோல் தனிநபர் முறையீட்டு வழியில் போனார். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2022இல் அவர் பக்கம் முடிவு சொன்னது. ஹோபார்ட் சந்தையில் மனு வைத்துக்கொண்டு நின்றவர்கள் டெல்லியையா நினைத்திருப்பார்கள்?

சரி, தீவுக்குத் திரும்புவோம். ஐ.நா. சொன்னால் சட்டம் மாறிவிடுமா? மாறாது. குழுவின் கையில் போலீஸும் இல்லை, பூட்டும் இல்லை. ஆனால் மத்திய அரசின் கையில் ஒரு சாவி இருந்தது. சர்வதேச உடன்படிக்கையை நிறைவேற்ற மத்திய அரசு சட்டம் போட்டால், முரண்படும் மாநிலச் சட்டம் செல்லாது. டாஸ்மேனியர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஃபிராங்க்ளின் ஆற்றை மூழ்கடிக்கும்படி கோர்டன் ஆற்றின் குறுக்கே மாநில அரசு கட்டவிருந்த அணை 1983இல் இதே வழியில்தான் உயர் நீதிமன்றத்தில் (ஆஸ்திரேலியாவில் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதுதான்) நின்றுபோனது. அந்த அணை எதிர்ப்புப் போராட்டத்தின் தலைவர் பாப் பிரவுன், லான்செஸ்டனில் மருத்துவராக இருந்தவர். தான் ஒரு கே என்று 1976இலேயே வெளிப்படையாகச் சொன்னவர். காட்டுக்காகப் போராடியவர்களும் இந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களும் பல இடங்களில் ஒரே ஆட்கள். சின்ன ஊரில் போராட்டக்காரர்களுக்கும் தட்டுப்பாடு, ஒரே ஆள் இரண்டு கொடி பிடிக்க வேண்டும்.

1994இல் மத்திய அரசு சட்டம் போட்டது. டாஸ்மேனியா அசையவில்லை. இந்தக் காலகட்டத்தில் க்ரூமும் டூனனும் செய்த வேலைதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இருவரும் போலீசிடம் போய், "நாங்கள் குற்றம் செய்திருக்கிறோம்" என்று விவரமாக வாக்குமூலம் கொடுத்தார்கள். 21 ஆண்டு தண்டனைக்குரிய குற்றம்! போதுமான ஆதாரம் இருந்தால் வழக்குப் போடுவோம் என்று 1988இல் அரசுத் தரப்பு வழக்குத்தொடுநர் அறிவித்திருந்தார். இதோ ஆதாரம், அவர்கள் வாயாலேயே. ஆனால் வழக்குப் போட மறுத்துவிட்டார்கள். சட்டத்தைப் பயன்படுத்தவும் மாட்டோம், நீக்கவும் மாட்டோம்!

இருவரும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். "இவர்கள் மேல்தான் வழக்கே இல்லையே, இவர்களுக்கு இதில் என்ன உரிமை?" என்றது மாநில அரசு. உரிமை உண்டு என்று 1997 பிப்ரவரியில் நீதிமன்றம் சொன்னது. அடுத்து முழு விசாரணை வந்தால் சட்டம் விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. பசுமைக் கட்சியின் கிறிஸ்டின் மில்ன் மசோதா கொண்டு வந்தார். 1997 மே 1 அன்று அதே மேலவை அதை நிறைவேற்றியது. வித்தியாசம் ஒரே ஒரு வாக்கு.

(திரையில்: கறுப்பு. பிறகு கிராமச் சாலை, பண்ணை வேலி.)

"ஐ.நா. வந்து காப்பாற்றியது" என்று இந்தக் கதையைச் சுருக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐ.நா. முடிவுக்குப் பிறகும் மூன்று ஆண்டு சட்டம் இருந்ததே. அந்த மூன்று ஆண்டிலும், அதற்கு முன்பும், இந்த ஆட்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டே இருந்தார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் அம்மாவைத் தெரியும் என்றால், அவர் உங்களைத் திட்டுவதும் எளிதில்லை, உங்கள் பேச்சைக் கேட்காமல் எழுந்து போவதும் எளிதில்லை. எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும் என்ற அதே ஊர்ச்சுமைதான் கடைசியில் கைகொடுத்தது. மெல்பர்னுக்குப் போனவர்களைக் குறை சொல்லவில்லை, பாதுகாப்பு முதலில். ஆனால் போகாதவர்கள் இருந்ததால்தான் தீவு மாறியது.

அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2017இல் தன்பால் திருமணம் பற்றி ஆஸ்திரேலியா முழுக்க அஞ்சல் வழியே கருத்துக் கேட்டார்கள். நாட்டளவில் ஆதரவு 61.6 சதவீதம். டாஸ்மேனியாவில் 63.6. உல்வர்ஸ்டன் இருக்கும் பிராடன் தொகுதியில்? 54 சதவீதம் ஆதரவு. எதிர்ப்பு அங்கே மறைந்துவிடவில்லைதான், ஆனால் அது சிறுபான்மை ஆகிவிட்டது.

சட்டங்களும் வேகமாக மாறின. 1998இல் பாகுபாட்டுத் தடைச் சட்டம். 2004 ஜனவரியிலிருந்து உறவுப் பதிவேடு, ஆஸ்திரேலியாவில் அதுதான் முதல். அந்தப் பதிவேட்டில் ஒரு அழகு: காதல் இணையர்கள் மட்டும் இல்லை, ஒருவரை ஒருவர் பராமரித்துக்கொண்டு வாழ்கிறவர்களும் பதியலாம். இரவு உடைச் சட்டமும் போய்ச் சேர்ந்தது. 2008இல் ஹோபார்ட் மாநகராட்சி சந்தைக் கைதுகளுக்கு மன்னிப்புக் கேட்டது. 2017இல் மாநில முதல்வர் வில் ஹாட்ஜ்மன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பழைய தண்டனைப் பதிவுகளை அழிக்கச் சட்டம் வந்தது. பெண் உடைக்காகத் தண்டிக்கப்பட்டவர்களும் அதில் அடக்கம்.

(திரையில்: வானவில் கொடிகள். ஹோபார்ட் தெரு.)

இன்று டாஸ்பிரைடு என்ற அமைப்பு விழாவும் ஊர்வலமும் நடத்துகிறது. வொர்க்கிங் இட் அவுட் என்ற உதவி அமைப்பு 1990களின் கடைசியிலிருந்து ஆலோசனை தருகிறது, பள்ளிகளுக்குப் போய்ப் பேசுகிறது. ஆனால் தூரம் அப்படியேதான் இருக்கிறது. கொண்டாட்டம் பெரும்பாலும் ஹோபார்ட்டில். மேற்குக் கரையில் ஒரு சுரங்க ஊரில் இருக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது மலைப்பாதையில் பல மணி நேரப் பயணம், ஓட்டிக்கொண்டு போக ஒரு பெரியவர் வேண்டும், எதற்கு என்று அந்தப் பெரியவரிடம் சொல்லவும் வேண்டும். எந்த விழாவை விடவும் அந்தப் பிள்ளைக்குத் தன் பள்ளியிலேயே பேச ஒரு ஆள் இருப்பது முக்கியம் என்பது என் எண்ணம்.

திருநர் உரிமையில் இந்தத் தீவு, மொத்த ஆஸ்திரேலியாவுக்கும் முன்னால் போனது. 2019 ஏப்ரலில், பிறப்புச் சான்றிதழில் பாலினம் போட வேண்டுமா வேண்டாமா என்பதைச் சம்பந்தப்பட்டவர்களே முடிவு செய்யலாம் என்று சட்டம் வந்தது. ஆளும் லிபரல் கட்சி எதிர்த்தது. அதே கட்சியைச் சேர்ந்த சபாநாயகர் சூ ஹிக்கி தன் வாக்கை மறுபக்கம் போட்டார், மசோதா தேறியது. ஒற்றை வாக்கு இந்தத் தீவுக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது.

சந்தையில் கடை போட்ட அந்தச் சீர்திருத்தக் குழு இப்போது ஈக்குவாலிட்டி டாஸ்மேனியா என்ற பெயரில் இயங்குகிறது. ஒருவரின் பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ "மாற்றிக் காட்டுகிறேன்" என்று கிளம்பும் சிகிச்சைகளுக்கு எதிராகச் சட்டம் வேண்டும் என்று 2022இல் டாஸ்மேனியச் சட்டச் சீர்திருத்த நிறுவனம் பரிந்துரைத்தது. அதற்காகவும் இவர்கள் உறுப்பினர் உறுப்பினராகப் போய்ப் பேசுகிறார்கள், மேலவைக்காரர்களையும் சேர்த்து.