கண்ணுல படாத சின்ன கார் லீஸ்ல வேணுமா? மாடலை விடுங்க, முதல்ல பிளேட்டைப் பாருங்க!

[திரை: தெருவோரம் வரிசையாக நிற்கும் எட்டு கார்கள். கேமரா மெதுவாக நகர்கிறது.]

இந்த வரிசையில வாடகை வண்டி எதுன்னு சொல்லுங்க பார்ப்போம். அஞ்சு செகண்ட்.

கண்டுபிடிச்சிட்டீங்கல்ல? மூணாவதா நிக்கிற வேகன் ஆர். சின்ன வண்டி, சாதுவான கலர், ஸ்டிக்கர் இல்ல, ஸ்பாய்லர் இல்ல. ஆனா நம்பர் பிளேட் மட்டும் கறுப்பு, அதுல மஞ்சள் எழுத்து. யார் கண்ணையும் உறுத்தாத காரா தேடித் தேடி எடுத்துட்டு, கடைசியில நெத்தியிலயே போர்டு மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு.

வணக்கம் மக்களே! பெரிய வண்டியை வித்தாச்சு. இல்லன்னா 15 வருஷம் ஆயிடுச்சு, மறுபடி ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஏறி ரினியூ பண்ண மனசில்ல. அடுத்த மூணு வருஷம் ஓட்ட அடக்கமா ஒரு சின்ன கார் போதும், சொந்தமா வாங்குற எண்ணம் இல்ல, லீஸ் ஓகே. சென்னையில இப்படி யோசிக்கிறவங்களுக்குத்தான் இந்த வீடியோ. லீஸ்னா என்னன்னு ஒரே வரியில சொல்லிடறேன்: மாசாமாசம் வாடகை கட்டி ஓட்டிட்டு, முடிஞ்சதும் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறது. அவ்ளோதான். இப்போ பிளேட்டுக்கு வருவோம்.

[திரை: இடப்பக்கம் வெள்ளை பிளேட், வலப்பக்கம் கறுப்பு பிளேட்.]

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(30). 'உரிமையாளர்'னா யாருன்னு சொல்ற பிரிவு. வண்டி லீஸ் ஒப்பந்தத்துல இருந்தா, அந்த ஒப்பந்தப்படி வண்டியை யார் கையில வச்சிருக்காங்களோ அவங்கதான் உரிமையாளர். பணம் போட்டவர் கிடையாது! அதனால முறையான லீஸ்ல ஆர்.சி. உங்க பேர்லயே வரும். லோன் வண்டியில பேங்க் பேர் ஏறுற மாதிரி, லீஸ் கம்பெனி பேர் ஒரு குறிப்பா ஆர்.சி.யில ஏறும். பிளேட் வெள்ளை. பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியாது, பால்காரருக்கும் தெரியாது.

கறுப்பு பிளேட் வேற கதை. அது 1989-ல வந்த ரென்ட்-எ-கேப் (நாமளே ஓட்டிக்கிற வாடகை கார்) திட்டத்துக்குக் கீழ ஓடுற வண்டி. அந்த லைசென்ஸ் எடுக்கவே கம்பெனிகிட்ட குறைஞ்சது 50 வண்டி இருக்கணும். ஆர்.சி. கம்பெனி பேர்ல, பெர்மிட் உண்டு, எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு, சட்டத்தோட பார்வையில அது வாடகை வண்டிதான். ஆறு மாசம் மட்டும் வேணும்னா இது தப்பே இல்ல, சீக்கிரம் கைக்கு வரும், சீக்கிரம் திருப்பியும் கொடுக்கலாம். மூணு வருஷத்துக்குன்னா என் ஓட்டு வெள்ளைக்குத்தான்.

சில கம்பெனிகள் வெள்ளை பிளேட்தான் தருவாங்க, ஆனா அது வேற மாநிலத்துல பதிவான வண்டியா இருக்கும். கே.ஏ., எம்.எச். நம்பர் வண்டி 12 மாசத்துக்கு மேல இங்கேயே இருந்தா, பிரிவு 47 படி இங்க மறுபடி பதிவு பண்ணணும், தமிழ்நாட்டு வரியும் கட்டணும். அந்தச் செலவு யாருடையதுன்னு ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கணும். இல்லன்னா அது உங்க செலவுதான்.

இப்போ விலை. 2025 செப்டம்பர் 22-ல இருந்து சின்ன காருக்கு ஜி.எஸ்.டி. 18%. சின்ன கார்னா பெட்ரோல்ல 1200 சி.சி.க்குள்ள, நீளம் 4 மீட்டருக்குள்ள. பெரிய எஸ்.யூ.வி.க்கு 40%. இதுல பலபேர் கவனிக்காதது என்னன்னா, லீஸ் வாடகைக்கும் அந்த வண்டியோட ஜி.எஸ்.டி. விகிதம்தான். வரிக்கு முன்னாடி வாடகை 20,000 ரூபாய்னு வச்சுக்குங்க. சின்ன காருக்கு 23,600, பெரிய வண்டிக்கு 28,000. ஜி.எஸ்.டி. ரோட்ல ஓட்டவும் ஜி.எஸ்.டி. கட்டணுமேன்னு கமெண்ட்ல எழுதப்போறீங்க, அதான் நானே சொல்லிட்டேன்.

[திரை: அளவு டேப் ஒன்று விரிகிறது.]

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. வேலை இருக்கிறவங்க ரெண்டு நிமிஷம் தள்ளிப் பார்க்கலாம், ஆனா ஏமாந்து போவீங்க.

தமிழ்நாடு கட்டட விதிகள் 2019 படி ஒரு கார் நிறுத்துற இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். அப்பார்ட்மென்ட்ல உங்களுக்கு எழுதிக் கொடுத்த கட்டம் அதான். எக்ஸ்.யூ.வி. 700 அகலம் 189 செ.மீ. 250-ல 189 போனா மிச்சம் 61. ரெண்டு பக்கமும் சமமா விட்டா பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர், அதாவது ஒரு ஸ்கூல் ஸ்கேல். ஸ்கேல் இறங்கும், மனுஷன் இறங்க முடியுமா?

வேகன் ஆர் அகலம் 162. மிச்சம் 88. இடப்பக்கம் தூணை ஒட்டி 15 சென்டிமீட்டர் விட்டு நிறுத்தினா, டிரைவர் பக்கம் 73 கிடைக்கும். கதவைத் திறந்து ராஜா மாதிரி இறங்கலாம். ஆல்ட்டோ கே10 அகலம் 149 தான், ஒரு மீட்டரே மிச்சமாகும். டியாகோ 167.7, மிச்சம் 82.

நீளத்துல இன்னும் வேடிக்கை. எக்ஸ்.யூ.வி. 700 நீளம் 4.695 மீட்டர். கட்டத்துல முன்னும் பின்னும் சேர்த்து 30 செ.மீ. தான் பாக்கி. வேகன் ஆர் 3.655. பாக்கி 1.345 மீட்டர்! ஒரு ஆக்டிவாவோட அகலம் 70 செ.மீ., நீளம் 1.83 மீட்டர். ஆக, காருக்கும் சுவருக்கும் நடுவுல ஸ்கூட்டரைக் குறுக்கா நிறுத்தலாம். காலையில அதை வெளிய எடுக்க காரை நகர்த்தணும்ங்கிறது தனிப் பிரச்சினை, அதை வீட்டுல பேசித் தீர்த்துக்கோங்க.

ஒரு எச்சரிக்கை. கம்பெனி போடுற அகல அளவுல சைடு மிர்ரர் சேராது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி மாதிரி சந்துல தினமும் போறவங்க டெஸ்ட் டிரைவ்ல மிர்ரரை விரிச்சு வச்சு, நுனியில இருந்து நுனி வரைக்கும் டேப் போட்டு அளந்துடுங்க. ஷோரூம்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். திரும்புற வட்டமும் கேளுங்க. வேகன் ஆருக்கு ஆரம் 4.7 மீட்டர், இன்னோவா கிரிஸ்டாவுக்கு 5.4. முட்டுச்சந்துல ரிவர்ஸ் எடுக்கிறப்போ அந்த 70 சென்டிமீட்டரோட மதிப்பு தெரியும்.

[திரை: மூன்று கார்கள் அருகருகே.]

சரி, எந்த வண்டி? 2024-25 நிதியாண்டுல இந்தியாவிலேயே அதிகம் வித்த கார் வேகன் ஆர். ஊர் பூரா ஓடுற வண்டிதான் கூட்டத்துல கலந்துடும், அதனால மறைஞ்சிருக்க இதைவிட நல்ல வண்டி கிடையாது. உயரம் 1.675 மீட்டர், சீட்டும் உயரம். முட்டிவலி இருக்கிற அம்மா அப்பா குனியாம ஏறலாம். டிக்கி 341 லிட்டர், ஆல்ட்டோவுல 214 தான். ஆனா வெள்ளை கலர் மட்டும் வேணாங்க. சென்ட்ரல் வாசல்ல ரெண்டு நிமிஷம் நின்னா பின்கதவைத் திறந்து ஒருத்தர் ஏறி உட்கார்ந்து "ஓ.டி.பி. சொல்லட்டுமா"ன்னு கேட்பார். சில்வர், இல்லன்னா சாம்பல் எடுங்க. வெயில் தூசியும் அதுல அவ்வளவா தெரியாது.

இதோட பலவீனம் பாதுகாப்பு. 2023-ல குளோபல் என்கேப் (காரை மோதவிட்டுப் பார்த்து ஸ்டார் தர்ற அமைப்பு) சோதனையில வேகன் ஆருக்குப் பெரியவங்க பிரிவுல 1 ஸ்டார், குழந்தைங்க பிரிவுல 0. 2025-ல எல்லா வேரியன்ட்டுக்கும் ஆறு ஏர்பேக் வந்தது நல்ல விஷயம்தான். ஆனா அந்தச் சோதனையில பாடியே உறுதியில்லன்னு சொல்லியிருந்தாங்க. ஏர்பேக் கூடுறதால இரும்பு கெட்டியாகாது. டியாகோ 2020-ல 4 ஸ்டார் வாங்குச்சு, ஆனா அது பழைய விதிமுறை, ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிட முடியாது. அப்படியிருந்தும் வாராவாரம் ஹைவேயில நூறு கிலோமீட்டர் ஓடுறவங்களுக்கு என் ஓட்டு டியாகோவுக்கு. நகரத்துக்குள்ளயே சுத்துறவங்களுக்கு வேகன் ஆர் 1.2 லிட்டர். 1.0 இன்ஜின் நாலு பேரோட ஏ.சி. போட்டு கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும்.

வேகன் ஆர்ல சி.என்.ஜி. எடுத்தா டிக்கியை மறந்துடுங்க, சிலிண்டரே அடைச்சுக்கும். அந்த சிலிண்டருக்கு மூணு வருஷத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் வேற இருக்கு. 36 மாச லீஸ் முடியுற நேரத்துல அது வந்து நிக்கும். எலக்ட்ரிக்ல எம்.ஜி. காமெட் 2.97 மீட்டர்தான், பார்க்கிங்ல தேடணும். ஆனா ரோட்ல போனா குழந்தைங்க கையாட்டும், பச்சை பிளேட் வேற. அடக்கமான கார் லிஸ்ட்ல இருந்து தூக்கியாச்சு.

அப்புறம், மறைஞ்சிருக்கணும்னு கறுப்பு ஃபிலிம் ஒட்டாதீங்க. 2012-ல உச்ச நீதிமன்றம் சொன்னதுல இருந்து போலீஸ் கண்ணு முதல்ல போறதே அங்கதான்.

[திரை: பழைய இன்சூரன்ஸ் பாலிசித் தாள்.]

இப்போ சொல்லப்போறது உங்க பணம், கவனிங்க. பழைய வண்டிக்கு அஞ்சு வருஷம் கிளெய்ம் இல்லாம 50% நோ கிளெய்ம் போனஸ் சேர்த்து வச்சிருப்பீங்க. அது வண்டிக்குச் சொந்தமில்ல, உங்களுக்குச் சொந்தம். வண்டியை வித்ததும் இன்சூரன்ஸ் கம்பெனியில என்.சி.பி. சான்றிதழ் கேட்டு வாங்கலாம். அதோட ஆயுள் மூணு வருஷம். லீஸ்ல பாலிசி உங்க பேர்ல வந்தா இப்பவே சொந்த சேதப் பிரீமியம் பாதியாகும். பாலிசி லீஸ் கம்பெனி பேர்ல இருந்தா உங்க சான்றிதழ் பீரோவுல தூங்கும். லீஸ் 36 மாசம், சான்றிதழும் 36 மாசம். சாவியைத் திருப்பிக் கொடுக்கிற அன்னைக்கு ரெண்டும் சேர்ந்து காலாவதி! லீஸ் எடுத்துத்தான் ஆகணும், பாலிசியும் அவங்க பேர்லதான்னா, 24 மாசக் காலத்தைக் கேளுங்க.

பாலிசியில ரெண்டு ஆட்-ஆன் கட்டாயம் பாருங்க. ஒண்ணு, இன்ஜின் புரொடெக்ட். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம் ஞாபகம் இருக்கில்ல? தண்ணிக்குள்ள நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணா, தண்ணி சிலிண்டருக்குள்ள போய், அதை அமுக்க முடியாம கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். சாதாரண பாலிசி இதுக்குப் பணம் தராது. சாவியே போடாதீங்க, பேட்டரி வயரைக் கழட்டிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்க. ரெண்டாவது, ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், அதாவது வண்டியோட பில் விலையையே தர்றது. வண்டி திருடு போனாலோ முழுசா நொறுங்கினாலோ சாதாரண பாலிசி ஐ.டி.வி.யைத்தான், அதாவது தேய்மானம் கழிச்ச மதிப்பைத்தான் தரும். ரெண்டு வருஷம் தாண்டினா புது வண்டி விலையில 30% கழிச்சிருப்பாங்க. லீஸ் கம்பெனி கேட்கிற தொகை அதைவிட அதிகமா இருந்தா வித்தியாசம் உங்க தலையில.

கிலோமீட்டர் கணக்கு. வருஷம் 10,000 கி.மீ. ஒப்பந்தம் பார்க்க மலிவா இருக்கும். தாம்பரத்துல இருந்து சோழிங்கநல்லூர் ஆபீஸ் ஒரு வழி 20 கி.மீ.ன்னு வைங்க. மாசம் 22 நாள், 880 கி.மீ. வருஷத்துக்கு 10,560. ஆபீஸ் போய் வந்ததுலயே எல்லை தாண்டியாச்சு! தீபாவளி, பொங்கலுக்கு மதுரை போய் வந்தா இன்னொரு 1,840. மொத்தம் 12,400. மூணு வருஷத்துல 7,200 கி.மீ. கூடுதல். கிலோமீட்டருக்கு 8 ரூபாய்னு ஒப்பந்தம் சொன்னா 57,600 ரூபாய், கடைசி நாள்ல ஒரே பில்லா வரும். இதை 36-ஆல வகுத்தா மாசம் 1,600. பெரிய கிலோமீட்டர் பிளானுக்கு மாசம் கூடுதலா கேட்கிறது 1,600-க்குக் குறைவா இருந்தா, யோசிக்காம அதையே எடுங்க.

ஆட்டோமேட்டிக்கில் ஏ.எம்.டி. எடுக்கிறவங்க, பேஸ்மென்ட் ரேம்ப்ல பிரேக்கை விட்டுட்டு ஆக்சிலரேட்டர்லயே வண்டியை நிறுத்தி வைக்காதீங்க. உள்ள இருக்கிறது சாதாரண கிளட்ச்தான், கருகிடும். கிளட்ச், பிரேக் பேட் எல்லாம் தேய்மானப் பொருள், வாரன்ட்டியில வராது. லீஸ் கம்பெனி கட்டுமா, நீங்களான்னு எழுத்துல வாங்குங்க.

[திரை: சாவி, ஜாக்கி, ஸ்டெப்னி.]

டெலிவரி அன்னைக்குப் பகல் வெளிச்சத்துல வண்டியைச் சுத்தி ஒரே வீடியோ எடுங்க. நாலு பம்பர் மூலை, அலாய் விளிம்பு, விண்ட்ஷீல்டு, ஓடோமீட்டர், டிக்கி பாயைத் தூக்கி ஸ்டெப்னியும் ஜாக்கியும். ரெண்டு சாவியும் கைக்கு வந்துச்சான்னு பாருங்க, ஒண்ணு குறைஞ்சா திருப்பிக் கொடுக்கிறப்போ அதுக்கும் பில் உண்டு. அந்த வீடியோவை அதே நாள் லீஸ் கம்பெனிக்கு மெயில்ல அனுப்பிடுங்க, தேதி பதிவாகட்டும். திருப்பிக் கொடுக்கிறப்போ டயர் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழ இருந்தா புது டயருக்குக் காசு கேட்பாங்க, அதனால கடைசி சர்வீஸ்லயே அளக்கச் சொல்லிடுங்க.

லீஸ் ஒப்பந்தம் கையில வச்சிருக்கிறவங்க, முன்கூட்டியே முடிச்சா எத்தனை மாச வாடகை அபராதம்னு பார்த்து கமெண்ட்ல எண்ணை மட்டும் போடுங்க, கம்பெனி பேர் வேணாம். அந்த எண்களை வச்சே அடுத்த வீடியோ போடறேன்.