குலுக்கல் சீட்டு ஆண்ட ஊர்

அனைவருக்கும் வணக்கம்.

ஏதென்ஸ் நகரத்தின் பழைய சந்தைத் திடலுக்கு அகோரா என்று பெயர். அங்கே தோண்டி எடுத்த பொருள்களை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தில் உடைந்த சலவைக்கல் பலகை ஒன்று இருக்கிறது. அதன் முகப்பில் வரிசை வரிசையாக மெல்லிய பிளவுகள். சிற்பம் கிடையாது, அலங்காரம் கிடையாது. கிரேக்கர்கள் விட்டுச்சென்றதில் எது பெரியது என்று என்னைக் கேட்டால், பார்த்தெனான் கோயிலுக்கும் முன்னால் இந்தக் கல்லைத்தான் சொல்வேன். இன்றைய பேச்சு முழுக்க இந்தக் கல்லையும், அதை வைத்து ஆட்சி நடத்திய மனிதர்களையும் பற்றியதுதான்.

அது குலுக்கல் போடும் கருவி. கி.மு. 4-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் வழக்கு விசாரணை நாள் விடிந்தால், ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் குடிமக்களாக, உட்கார விரும்புகிறவர்கள் கையில் ஒரு வெண்கலத் தகட்டோடு வந்து நிற்பார்கள். தகட்டில் அவரவர் பெயரும் ஊரும் பொறித்திருக்கும். அந்தத் தகடுகளைக் கல்லின் பிளவுகளில் செருகுவார்கள். பக்கத்தில் ஒரு குழாய். கருப்பும் வெள்ளையுமான உருண்டைகளைக் கலந்து மேலே போட்டால், கீழே ஒவ்வொன்றாக விழும். வெள்ளை விழுந்தால் அந்த வரிசையில் தகடு வைத்த அத்தனை பேரும் அன்றைக்கு ஜூரி. கருப்பு விழுந்தால் வரிசையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்புறம் எந்த நீதிமன்றத்துக்கு யார் போவது என்பதற்கும் தனியாக ஒரு குலுக்கல். வழக்கை யார் கேட்கப்போகிறார்கள் என்பது அன்று காலைவரை யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க, முதல் நாள் இரவே போய் யாருக்கு லஞ்சம் கொடுப்பது?

இந்த விவரம் நமக்குக் கிடைத்த விதமும் சுவாரசியமானது. அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் 'ஏதென்ஸின் ஆட்சிமுறை' என்ற நூல் பல நூற்றாண்டுகள் காணாமல் போயிருந்தது. எகிப்தில், பண்ணைக் கணக்கு எழுதிய பாப்பிரஸ் சுருள்களின் பின்பக்கத்தில் அது எழுதப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்து 1891-ல் பதிப்பித்தார்கள். குலுக்கல் முறையை அந்நூல் அணு அணுவாக விவரிக்கிறது. 1931-ல் அகோராவில் பெரிய அகழாய்வு தொடங்கியது. அந்தப் பத்தாண்டுகளுக்குள்ளேயே கல்லையும் நூலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது அதுதான் என்று உறுதிசெய்தார்கள்.

சரி, ஏன் குலுக்கல்? தேர்தல் வைத்தால் பணக்காரனும், பெரிய குடும்பத்துப் பிள்ளையும், வாய்ச்சாலகனும்தான் ஜெயிப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. குலுக்கலில் பதவி கொடுப்பது குடியாட்சியின் வழக்கம், தேர்ந்தெடுப்பது சிலராட்சியின் வழக்கம் என்று கருதப்படுவதாக அரிஸ்டாட்டிலே எழுதுகிறார். தேர்தலைத்தான் குடியாட்சியின் உயிர் என்று நினைத்து வளர்ந்த நமக்கு இதைக் கேட்டால் தூக்கிவாரிப் போடும். படைத்தளபதிகள் பத்துப் பேரையோ ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்தார்கள். போரில் பழக்கமில்லாதவனை நம்பிக் கப்பலேற அவர்கள் தயாராக இல்லை.

இதற்கு அடித்தளம் போட்டவர் கிளைஸ்தனிஸ் என்ற ஏதென்ஸ் தலைவர். கி.மு. 508 வாக்கில் குடும்பப் பெருமையை வைத்து நடந்த பழைய ஏற்பாட்டை உடைத்து, குடிமக்களைப் புதிதாகப் பத்துப் பிரிவாக்கினார். உள்நாட்டு ஊர், கடற்கரை ஊர், நகரத்துத் தெரு என்று மூன்றையும் கலந்துதான் ஒவ்வொரு பிரிவும். பிரிவுக்கு ஐம்பது பேராக ஐந்நூற்றுவர் மன்றம். ஒருவர் வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் அதில் உட்கார முடியாது. ஒவ்வொரு ஐம்பது பேரும் ஆண்டில் பத்தில் ஒரு பங்கு காலம் அன்றாட ஆட்சியைப் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஐம்பதிலிருந்து தினமும் ஒருவரைத் தலைவராகக் குலுக்கிப் போடுவார்கள். ஒரு பகல், ஒரு இரவு, கருவூலச் சாவியும் அரசு முத்திரையும் அவர் கையில். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். ஒரு குயவரோ, ஒலிவ எண்ணெய் விற்கிறவரோ ஒரு நாள் முழுக்க ஏதென்ஸின் தலைவர். மறுநாள் காலையில் சாவியைக் கொடுத்துவிட்டுக் கடைக்குத் திரும்ப வேண்டும்.

குலுக்கலில் பெயர் வந்தவுடன் பதவி கிடைத்துவிடாது, கேள்விகள் உண்டு. முக்கியப் பதவிகளுக்கு என்னென்ன கேட்டார்கள் தெரியுமா? உன் அப்பா யார், எந்த ஊர்? குடும்பக் கல்லறை எங்கே இருக்கிறது? பெற்றோரை ஒழுங்காகக் கவனிக்கிறாயா? வரி கட்டினாயா? போருக்குப் போனாயா? பதவி முடிந்த பிறகு கணக்குக் காட்ட வேண்டும். எந்தக் குடிமகனும் எழுந்து குற்றம் சொல்லலாம்.

ஏழைகளுக்கு இந்த இடம் யாரும் தயவு பண்ணிக் கொடுத்ததில்லை. ஏதென்ஸுக்குச் சொந்தமான லாரியன் சுரங்கத்தில் புதிதாக வெள்ளி கிடைத்தபோது, ஆளுக்குப் பத்து டிராக்மா காசு பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. வேண்டாம், கப்பல் கட்டுவோம் என்றார் தெமிஸ்டோக்ளிஸ் என்ற தலைவர். குடிமக்கள் கூடி வாக்களிக்கும் மக்கள் மன்றமும் ஒப்புக்கொண்டது. மூன்றடுக்குத் துடுப்புக் கப்பல் ஒன்றுக்கு 170 துடுப்புக்காரர்கள் வேண்டும். கவசம் வாங்க வசதியில்லாத கூலிக்காரர்கள்தான் அந்தப் பலகையில் உட்கார்ந்தார்கள். கி.மு. 480-ல் சலாமிஸ் கடலில் பாரசீகப் படையை முறியடித்தது அவர்கள் தோள்கள். அதன் பிறகு ஊர் விவகாரத்தில் பேசாதே என்று அவர்களிடம் யார் சொல்ல முடியும்? பெரிக்ளிஸ் என்ற தலைவர் காலத்தில் ஜூரிகளுக்குத் தினப்படி வந்தது. முதலில் இரண்டு ஓபல் என்ற சின்னக் காசு, பிறகு மூன்று. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவனுக்கு அது பெரிய விஷயம்.

நீதிமன்றத்தில் வக்கீல் கிடையாது. அவரவர் வழக்கை அவரவரே பேச வேண்டும். அதற்கு நேரம் அளக்கத் தண்ணீர்க் கடிகாரம். அகோராவில் கிடைத்த மண்பாண்டம் ஒன்றில் நீர் வடிய ஆறு நிமிடம் ஆகிறது. சாட்சிப் பத்திரம் படிக்கும்போது துளையை அடைத்துவிடுவார்கள், பேசுகிறவனின் நேரம் குறையக் கூடாது என்று. வாக்களிக்க ஜூரிக்கு இரண்டு வெண்கல வட்டுகள் தருவார்கள். சின்னப் பம்பரம் மாதிரி நடுவில் ஒரு தண்டு. ஒன்றில் தண்டு துளையுள்ளது, அது வழக்குப் போட்டவருக்கு. இன்னொன்றில் கெட்டியானது, எதிராளிக்கு. தண்டின் இரு முனையையும் விரல்களால் மூடிப் பிடித்தால் எது எந்த வட்டு என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அந்த வட்டுகளும் கிடைத்திருக்கின்றன. இரகசிய வாக்கு என்பதை விரல் நுனியில் சாதித்திருக்கிறார்கள்! வாக்குகள் சமமானால் எதிராளிக்கு விடுதலை.

எவனும் அளவுக்கு மேல் பெரியவனாகிவிடாமல் தடுக்கவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, மக்கள் விரும்பினால், பானை ஓட்டுத் துண்டில் ஒரு பெயரைக் கீறிப் போடலாம். குறைந்தது ஆறாயிரம் ஓடுகள் விழ வேண்டும். அதிகம் பெயர் விழுந்தவர் பத்து ஆண்டு ஊரைவிட்டுப் போக வேண்டும். சொத்து பறிபோகாது, திரும்பி வந்தால் பழைய மரியாதை உண்டு. அந்த ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. ஒன்றில், தளபதி கிமோனிடம் 'உன் சகோதரி எல்பினிகேயையும் கூட்டிக்கொண்டு போ' என்கிற தொனியில் கீறியிருக்கிறது. அக்ரோபோலிஸ் என்ற கோயில் குன்றின் சரிவில் ஒரு கிணற்றில் 190 ஓடுகள் அகப்பட்டன. எல்லாவற்றிலும் தெமிஸ்டோக்ளிஸ் பெயர். எழுத்தை ஆராய்ந்தால் எழுதியது பதினான்கு கைகள்தான். முன்கூட்டியே எழுதி விநியோகிக்கத் தயாராக வைத்திருக்கிறார்கள்! சலாமிஸில் ஊரைக் காப்பாற்றியவரே ஒருநாள் இப்படி வெளியேற்றப்பட்டார்.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த உரிமை யாருக்கு இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையான பேச்சு ஆகாது. பெண்களுக்கு இல்லை. நகரத்தைக் காக்கும் ஏதீனா தெய்வத்துக்குப் பூசை செய்யும் உயர்ந்த பொறுப்பில் ஒரு பெண் இருந்தார், ஆனால் மன்றத்தில் கை தூக்க முடியாது. வெளியூரிலிருந்து வந்து தலைமுறையாகக் குடியிருந்தவர்களுக்கு இல்லை. அடிமைகளுக்கு இல்லவே இல்லை. கப்பல் கட்டிய அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது? லாரியனில் நிமிர்ந்து நிற்க முடியாத சுரங்க வழிகளில், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அடிமைகள் தவழ்ந்து வெட்டிய வெள்ளி அது. நிக்கியாஸ் என்ற அரசியல்வாதி ஆயிரம் அடிமைகளைத் தலைக்கு நாளுக்கு ஒரு ஓபல் வாடகைக்கு விட்டதாக ஏதென்ஸ் எழுத்தாளர் ஜெனோஃபோன் எழுதுகிறார். ஜூரி வாங்கிய தினப்படிக்குப் பக்கத்தில் இந்த ஒரு ஓபலை வைத்துப் பாருங்கள். எனக்கு இது எப்போது படித்தாலும் நெஞ்சை அடைக்கிறது.

இதில் பங்கு பெற்றவர்களும் எப்போதும் நியாயமாக நடந்தார்களா? கி.மு. 427-ல் லெஸ்போஸ் தீவில் மிட்டிலினி நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளம்பித் தோற்றது. கோபத்தில் இருந்த மக்கள் மன்றம், அந்நகரத்தின் வயது வந்த ஆண்கள் அத்தனை பேரையும் கொல்லவும், பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கவும் தீர்மானித்தது. உத்தரவோடு ஒரு கப்பல் புறப்பட்டுவிட்டது. மறுநாள் விடிந்ததும் ஊருக்கு மனசு உறுத்தியது. மன்றத்தை மறுபடி கூட்டினார்கள். கிளியோன் என்ற அரசியல்வாதி பிடிவாதமாகப் பழைய தீர்மானத்தையே ஆதரித்தார். டையோடோட்டஸ் என்பவர் எதிர்த்துப் பேசினார். கைகளை எண்ணியபோது மயிரிழையில் டையோடோட்டஸ் பக்கம் வென்றது. முதல் கப்பல் போய் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகியிருந்தது. இரண்டாவது கப்பலின் துடுப்புக்காரர்கள் துடுப்பை விடாமலே, திராட்சை ரசமும் எண்ணெயும் பிசைந்த வாற்கோதுமை மாவைத் தின்றார்கள். முறை வைத்துத் தூங்கினார்கள். முதல் கப்பலோ, போகிற காரியம் பிடிக்காமல் மெதுவாகப் போனது. தளபதி உத்தரவைப் படித்து முடித்த நேரத்தில் இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது என்கிறார் வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ். நகரம் பிழைத்தது. ஆனாலும் கலகத்துக்குக் காரணமானவர்கள் என்று பிடித்து அனுப்பப்பட்டவர்களை ஏதென்ஸ் கொன்றது.

எல்லாத் தடவையும் இரண்டாவது கப்பல் போகவில்லை. கி.மு. 416-ல் மெலோஸ் தீவின் ஆண்களைக் கொன்றே விட்டார்கள். கி.மு. 406-ல், ஒரு கடற்போரில் ஜெயித்தும், புயலில் சிக்கிய வீரர்களைக் காப்பாற்றவில்லை என்று தளபதிகளுக்கு ஒரே வாக்கெடுப்பில் மொத்தமாக மரண தண்டனை விதித்தார்கள். ஆளுக்குத் தனி விசாரணை என்பதுதான் சட்டம். அன்று குலுக்கலில் பொறுப்புக்கு வந்திருந்த ஐம்பது பேரில் சாக்ரடீஸும் ஒருவர். கூட்டம் மிரட்டியபோதும் அவர் அந்த வாக்கெடுப்புக்கு உடன்பட மறுத்தார். ஊரில் இருந்த ஆறு தளபதிகளைக் கொன்ற பிறகுதான் மக்கள் வருந்தினார்கள்.

அந்த வருத்தம் வெறும் வருத்தமாக நிற்கவில்லை, அதுதான் எனக்கு முக்கியம். கி.மு. 403-ல் முப்பது பேரின் கொடுங்கோலாட்சியை விரட்டிக் குடியாட்சியை மீட்டபோது, பழைய பகை பாராட்டுவதில்லை என்று ஊரே சத்தியம் செய்தது. மன்றத்தின் தீர்மானம் எதுவும் சட்டத்தை மீறக் கூடாது என்று விதி வைத்தார்கள். நான்கு ஆண்டு கழித்து அதே ஊர் நீதிமன்றம் சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுத்ததையும் மறக்க முடியாதுதான். அது ஏதென்ஸ் கட்ட வேண்டிய தனிக் கணக்கு.

இத்தனைக்குப் பிறகும் இன்னும் எண்பது ஆண்டு அந்த ஏற்பாடு ஓடியது. கி.மு. 322-ல் மாசிடோனியத் தளபதி ஆண்டிபாட்டர் ஏதென்ஸைப் பணியவைத்து, 2,000 டிராக்மா சொத்து உள்ளவர்களுக்குத்தான் இனி அரசியல் உரிமை என்று விதித்தார். ஆயிரக்கணக்கான ஏழைக் குடிமக்களின் உரிமை ஒரேயடியாகப் போனது. சலாமிஸில் துடுப்புப் போட்டவர்களின் வம்சத்துப் பிள்ளைகள் அவர்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நன்றி.