நோட்டில் இருந்த முகம்

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். அமெரிக்காவின் சேமன் சேஸை நாம் நினைக்க வேண்டியது அரசியலுக்காகவா, நீதிக்காகவா? நீதிக்காகத்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

ஒஹாயோ ஆளுநர், செனட்டர், லிங்கனின் நிதியமைச்சர் என்று எதிரணித் தோழர் பதவிகளை அடுக்கினார். சரி. அப்புறம் ஒரு குத்தல்: "ஒரு டாலர் நோட்டில் தன் முகத்தையே அச்சடித்து ஜனாதிபதி பதவிக்கு விளம்பரம் தேடியவர், இவரா நீதிமான்?"

அச்சடித்தார் ஐயா, 1862இல். பதவி ஆசையும் இருந்தது. ஆனால் கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்களே! 1870இல் அந்தக் காகித நோட்டுகளே வழக்காகி வந்தன. நோட்டு வருவதற்கு முன்பே வாங்கிய கடனை அதைக் கொடுத்து அடைக்கலாமா? உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி அப்போது யார்? இதே சேஸ். தீர்ப்பு என்ன? அந்தக் கடனுக்கு அது செல்லாது! யார் கொண்டுவந்த நோட்டு? அவர் கொண்டுவந்தது. அதில் யார் முகம்? அவர் முகம்! அடுத்த ஆண்டு புதிய நீதிபதிகள் இருவர் சேர்ந்ததும் தீர்ப்பு மாறியது. சேஸ் மாறவில்லை. தன் முகத்தைப் பார்த்தே செல்லாது என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ரோஜர் டேனி. கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களே அல்ல என்று 1857இல் தீர்ப்பு எழுதியவர். சேஸ் தலைமை நீதிபதியாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1865 பிப்ரவரி 1. ஜான் ராக் என்ற கறுப்பின வழக்கறிஞரை ஏற்கும்படி செனட்டர் சார்ல்ஸ் சம்னர் கேட்கிறார். சேஸ் ஏற்கிறார். அந்த உச்ச நீதிமன்றத்தில் வழக்காடும் உரிமை பெற்ற முதல் கறுப்பினத்தவர் ராக்!

கடைசியாக மெட்டில்டா என்ற அடிமைப் பெண். பெற்ற தகப்பனே எசமான். சின்சினாட்டியில் அவனை விட்டு ஓடி, வீட்டு வேலை செய்து பிழைத்த பெண். 1837இல் பிடித்துவிட்டார்கள். இருபத்தொன்பது வயது சேஸ் அவளுக்காக வாதாடித் தோற்றார். அவளை மறுபடி அடிமையாகவே கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகும் ஓடி வந்தவர்களுக்காகவும், அவர்களுக்கு உதவி செய்து மாட்டிக்கொண்டவர்களுக்காகவும் அவர் வாதாடிக்கொண்டே இருந்தார். பாதிக்கு மேல் தோல்விதான் என்று தோழர் சொல்லலாம். சொல்லட்டும்! அந்தப் பெண்ணுக்காக எழுந்து நிற்க அன்று ஒருவர் இருந்தார். நடுவர் அவர்களே, மெட்டில்டாவை நினைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.